கண் வைக்காத பிள்ளையார்

பிள்ளையார் சதுர்த்திக்கு ரத்னாவின் வீட்டில் கடையில் பிள்ளையார் வாங்கும் வழக்கமே கிடையாது. அவளுடைய தம்பி சேரன்தான் கொண்டு வருவான். முதல் நாளே களிமண்ணைப் பிசைந்து, தொப்பையை உருட்டி, தும்பிக்கையை வளைத்து, பூணூலுக்கு ஈர்க்குச்சியால் ஒரு கோடு கிழித்து எல்லாவற்றையும் முடித்துவிடுவான். கண் மட்டும் வைக்க மாட்டான். கண் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரலால் அழுத்திய இரண்டு குழிகள் இருக்கும். விடிந்ததும் பிள்ளையாரை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் இறக்கி, ஈரத்துணி போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவான். அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ரத்னா குளித்துவிட்டு வந்து இரண்டு குண்டுமணிகளை எடுத்து அந்தக் குழிகளில் பதிப்பாள். அப்புறம்தான் அது சாமி. அதுவரைக்கும் வெறும் மண்.

அடையாற்றின் கரையில் குடிசையில் இருந்த காலத்தில் அவர்களுடைய அம்மா ஏற்படுத்திய வழக்கம் அது. பையன் உருவம் செய்ய வேண்டும், பெண் கண் திறக்க வேண்டும். ஏன் என்று இருவரும் கேட்டதில்லை.

கண் வைத்தானதும் குடை வேலை ஆரம்பமாகும். காத்தாடி பேப்பரைக் கூடம் முழுக்கப் பரப்பி, அடுப்பில் மைதா பசை காய்ச்சி, சேரனும் ரத்னாவின் மகள் ஷண்முகப்ரியாவும் உட்கார்ந்து வெட்டுவார்கள். சேரனுக்குக் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்கு அச்சு எடுக்கிற வேலை. பிளாஸ்டரில் தூணும் சிங்கத் தலையும் வார்த்த கை, காகிதத்தை மடித்து நாலு வெட்டு வெட்டினால் குடையைச் சுற்றிக் குஞ்சலமாகத் தொங்கும். ஒவ்வொரு வருடமும் குடை முடியப் பதினோரு மணி தாண்டிவிடும். கொழுக்கட்டை ஆறிப்போகும். ரத்னா திட்டிக்கொண்டே இருப்பாள். அந்தத் திட்டும் பண்டிகையில் சேர்ந்ததுதான்.

ஆற்றோரக் குடிசைகளை அரசாங்கத்தார் காலி செய்தபோது சேரன் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அங்கிருந்து கோடம்பாக்கத்துக்குப் போய் வருவதிலேயே பாதி நாள் கரைந்தது. வேலை வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று குறைந்தது. ரத்னா அதற்கு முன்பே வேலுவைக் கட்டிக்கொண்டு மந்தைவெளியில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். வேலு ஒரு கம்பெனி முதலாளியின் கார் ஓட்டினான். ஷண்முகப்ரியா படித்துத் தேனாம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். குடும்பம் மெல்ல ஒரு படி ஏறியிருந்தது. ஏறிய படியிலிருந்து வழுக்கிவிடக் கூடாதே என்ற பயமும் கூடவே ஏறியிருந்தது.

அந்த நேரத்தில்தான் அசோக் நகரிலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் ஸ்ரீகிருஷ்ணா, வங்கியில் வேலை, சொந்த வீடு. ஜாதகத்தோடு பெண்வீட்டு விவரமும் எழுதித் தரச் சொன்னார்கள். தாய்மாமன் என்ற இடம் வந்ததும் வேலு பேனாவை நிறுத்தினான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓசூரில் தொழிற்சாலை சூப்பர்வைசர் என்று எழுதினான். ரத்னாவின் பெரியம்மா மகன் ஒருவன் நிஜமாகவே அங்கே அந்த வேலையில் இருந்தான். பெரியம்மா மகனும் மாமன் முறைதானே, இதில் என்ன பொய் என்றான் வேலு.

ரத்னா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையெழுத்து கோணுகிறது, பார்த்து எழுதுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டார் சதுர்த்தியன்று காலை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல நாள், எல்லோருக்கும் விடுமுறை. செய்தி வந்த அன்றைக்கே ரத்னா தம்பிக்குப் போன் செய்தாள். இந்த வருடம் பூஜையைச் சாயங்காலம் வைத்திருக்கிறோம், ஆறு மணிக்கு வா என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. பிறகு மயிலாப்பூர் குளக்கரைத் தெருவுக்குப் போய், பொன் வண்ணம் பூசிய பிள்ளையார் ஒன்றை வாங்கி வந்தாள். சதுர்த்தியன்று வருகிறவர்கள் வீட்டில் பிள்ளையார் இல்லாவிட்டால் என்ன நினைப்பார்கள்? பின்னால் வைக்கத் தெர்மாகோல் வளைவும், பிளாஸ்டிக் சாமந்திச் சரமும், மினுக்கும் சீரியல் லைட்டும் வந்தன. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளையார் வைத்துக் கும்பிடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். சாயங்காலம் சேரன் வருவதற்குள் கடைப் பிள்ளையாரை மாடி வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அவள் கணக்கில் விட்டுப்போனது குடை.

காலை பத்தேகாலுக்கு மாப்பிள்ளையின் அம்மா விசாலாக்ஷியும் அப்பாவும் ஸ்ரீகிருஷ்ணாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விசாலாக்ஷி பந்தா இல்லாத மனுஷி. வந்ததும் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, நேராக அடுக்களைக்குள் வந்து கொழுக்கட்டை வாசனையை மெச்சினார். ஷண்முகப்ரியா உள்ளறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக 'இன்னா'வை விட்டு 'என்ன' என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்த ரத்னா, நாக்கு புரளாமல் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, ஒரு மாவெலகூட கட்டல?"

திறந்திருந்த வாசலில் சேரன் நின்றான். கையில் பக்கெட், அக்குளில் சுருட்டிய காத்தாடி பேப்பர், ஒரு கட்டு ஈர்க்குச்சி. இரவு பெய்த மழையில் பெரும்பாக்கத்துச் சேறு முழங்கால் வரை ஏறியிருந்தது. சட்டையின் முன்பக்கம் பக்கெட்டிலிருந்து சொட்டிய களிமண் நீர்.

"கொடைக்கு டயம் பத்தாதே, அதான் காலீலயே கெளம்பி…" என்றவன் உள்ளே இருந்தவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

விசாலாக்ஷி திரும்பிப் பார்த்தார். "யாரும்மா இது?"

அந்தக் கேள்வியில் எந்த உள்ளர்த்தமும் இல்லை. வீட்டுக்கு ஒருவர் வந்தால் யாரும் கேட்கிற கேள்விதான். வேலு தரையைப் பார்த்தான். ரத்னாவுக்கு அந்தத் தாளும், ஓசூர் என்ற எழுத்தும் கண்முன் வந்தன.

"பிள்ளையார் செஞ்சு குடுக்கறவர்" என்றாள். "வருஷா வருஷம் கொண்டாருவார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிற்பாடு அவளை அதிகமாகச் சுட்டது அதுதான்.

சேரன் அவளைப் பார்த்தான். நீண்ட நேரமெல்லாம் பார்க்கவில்லை. பிறகு மினுக்கும் விளக்குகளுக்கு நடுவே இருந்த பொன் வண்ணப் பிள்ளையாரைப் பார்த்தான்.

"வாங்கிட்டீங்களா. சரிங்கம்மா" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறான், கோபத்தில் 'ஏ ரத்னா' என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறான். அம்மா என்று கூப்பிட்டதில்லை.

அவன் அப்படியே போயிருப்பான். விசாலாக்ஷிதான் எழுந்து வந்து, இருங்கப்பா பார்க்கிறேன் என்று பக்கெட்டின் ஈரத்துணியை விலக்கினார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தும்பிக்கையின் மடிப்பு, விரல் நகம், மடியில் ஏறி உட்கார்ந்திருந்த குட்டி எலி என்று ஒவ்வொன்றாகக் கணவருக்கும் மகனுக்கும் காட்டினார். இதை விட்டுவிட்டு அந்த மினுக்குப் பிள்ளையாரை ஏன் வாங்கினீர்கள் என்று ரத்னாவை உரிமையோடு கடிந்துகொண்டார். எங்கள் வீட்டுக்காவது கொடுங்களேன், என்ன விலை என்றும் கேட்டார்.

"இது விக்கறதுக்கில்லம்மா. ஒரு வீட்டுக்குன்னு செஞ்சது."

"ஏம்ப்பா, இதுக்குக் கண்ணே வைக்கலியே?"

"அத அந்த வீட்டுக்காரங்கதான் வெக்கணும்" என்றான் சேரன்.

வேலு ஒரு காகிதத் தட்டில் நாலு கொழுக்கட்டைகளைக் கொண்டுவந்து, இந்தாப்பா என்று மச்சானிடம் நீட்டினான். சேரன் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கும்பிடாத குறையாகத் தலையசைத்து, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான். பாவம், என்ன அழகான கை என்றார் விசாலாக்ஷி.

ரத்னா தண்ணீர் எடுக்கிற சாக்கில் பின்பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். தெருமுனை அடிபம்பின் அருகே அவன் குந்தியிருந்தான். ஈர்க்குச்சிக் கட்டும் பேப்பரும் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பம்பை நாலு தடவை அடித்துப் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டான். பிறகு உள்ளே கையை விட்டுப் பிசைய ஆரம்பித்தான். அவசரமோ ஆத்திரமோ இல்லை. முந்தின நாள் எப்படிப் பிசைந்திருப்பானோ அப்படியே பிசைந்தான். கண் வைக்காததைக் கலைத்தால் பாவமில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அவன் தோள்கள் ஏறி இறங்குவது மட்டும் ஜன்னலிலிருந்து தெரிந்தது.

இப்போது இறங்கி ஓடினால்கூட எட்டிப் பிடித்துவிடலாம் என்று ரத்னாவுக்குத் தோன்றியது. கையைப் பிடித்துக் கூட்டி வந்து, இவன்தான் என் கூடப்பிறந்தவன் என்று சொல்லிவிட்டால் விசாலாக்ஷி என்ன செய்துவிடுவார்? சிரித்தாலும் சிரிப்பார். உள்ளே அவர் ரத்னாவைக் கூப்பிடுவது கேட்டது. ரத்னா சொம்பை நிரப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

பெண்ணைப் பார்த்தார்கள். பிடித்துப்போயிற்று. ஷண்முகப்ரியாவுக்கும் பிடித்திருந்தது. ஆவணி முடிவதற்குள் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே விசாலாக்ஷி, மறந்துவிடப் போகிறேன் என்று ஒரு விஷயம் சொன்னார்.

"எங்க பக்கம் நிச்சயத்தன்னிக்குத் தாய்மாமன் மாலை போட்டாத்தான் பொண்ண மணையில உக்கார வைப்போம். ஓசூர்லேருந்து உங்க தம்பிய முன்னாடியே வரச் சொல்லிடுங்க."

கண்டிப்பாக என்றான் வேலு.

அவர்கள் போன பிறகு ஷண்முகப்ரியா கூந்தல் பின்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியது சேரனின் மடியில். வயதுக்கு வந்தபோது சீர்த்தட்டு தூக்கி வந்ததும் அவன்தான். அவனையன்றி வேறு யாரும் அவளுக்கு மாமா இல்லை.

"நீ சொன்னது உள்ள கேட்டுச்சும்மா" என்றாள் அவள், தாயைப் பார்க்காமல். "நானும்தான் வெளிய வரல."

புடவையை மாற்றப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ரத்னா மத்தியானம் கேட்டாள். இப்போது சொன்னால் எழுதிக் கொடுத்த மற்றதெல்லாமும் பொய் என்று நினைக்க மாட்டார்களா என்றான் வேலு. அவனும் சாப்பிடவில்லை. கொழுக்கட்டைகள் மூடியபடியே இருந்தன.

ஆறு மணிக்கு, அவள் தம்பியை வரச் சொல்லியிருந்த அதே நேரத்துக்கு, போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் அவன் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்கு முன் அவனே பேசினான். கோபமெல்லாம் இல்லை, விருந்தாளி வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்தே இருக்க மாட்டேனே, பையன் லட்சணமாக இருக்கிறான், அந்த அம்மாவும் நல்ல மாதிரி என்றான். ஆறுதல் சொல்ல வேண்டியவள் அவள். அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ரத்னா நிச்சயத்தைப் பற்றிச் சொன்னாள். மாலையைப் பற்றியும் சொன்னாள். மறுமுனையில் பிள்ளைகளின் சத்தம் தூரமாயிற்று. அவன் வராந்தாவுக்கு வந்திருக்க வேண்டும்.

"அந்தம்மா என் மூஞ்சிய நல்லா பாத்துகீதேக்கா" என்றான். "பக்கத்துல நின்னு பேசுச்சு. மறக்காது."

அவள் அழுவது அவனுக்குக் கேட்டிருக்கும்.

"உட்டுத் தள்ளுக்கா. ஓசூர்ல பெரிம்மா புள்ள கீறான் இல்ல, அவனயே கூப்புடு. அவன் போட்டா இன்னா, நான் போட்டா இன்னா. பொண்ணு நல்லா இருந்தா போதும்."

முடியாது, நீதான் வரவேண்டும், யார் என்ன நினைத்தாலும் நீதான் மாலை போட வேண்டும். அவள் சொல்ல வேண்டியிருந்தது அதுதான். அவன் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வேலு நின்றுகொண்டிருந்தான். உள்ளறையின் கதவு பாதி திறந்திருந்தது.

"அவன் நம்பர் உங்கிட்ட கீதாடா?" என்று கேட்டாள்.

இரு, பாக்கறேன் என்றான் சேரன். போனைக் காதிலிருந்து எடுத்துத் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, எழுதிக்கோ என்று பத்து எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவள் தினசரிக் காலண்டரின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். சரியாக எழுதினாயா, ஒரு தடவை படித்துக் காட்டு என்றான். அவள் படித்துக் காட்டினாள்.