மேசைத் தட்டல்

அண்ணி மேசையை ஓங்கித் தட்டியதும் நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அவளுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். சாப்பாட்டு மேசையில் தட்டுகள் எகிறும், அண்ணன் நைசாக நழுவிவிடுவான். ஆனால் இது வீடா? நகராட்சி மன்றம். இங்கே மேசையைத் தட்டினால் சம்மதம் என்று அர்த்தம். கவுன்சிலராகி இது இரண்டாவது கூட்டம். ஆத்திரத்தில் மறந்து தொலைத்துவிட்டாள்.

தலைவர் வாசித்தது எங்கள் தெருப் பிரசவ ஆஸ்பத்திரியை மூடுகிற தீர்மானம். இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணுவார்களாம். அதைத் தடுப்பாள் என்றுதான் இவளுக்கு ஓட்டுப் போட்டோம். பார்வையாளர் பெஞ்சில் எங்கள் தெருப் பெண்கள், நடுவில் நிறைமாதமாக நான். அடுத்த ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. போன மாதம் இங்கே டாக்டர் லீவில் போன அன்று எதிர்வீட்டுக்காரியை அங்கேதான் கொண்டுபோனார்கள். நெரிசலில் ஆட்டோவிலேயே பிறந்தது. குழந்தை தங்கவில்லை.

வார்டு கவுன்சிலரே தட்டிவிட்டால் மற்றவர்களுக்கு என்ன வந்தது? முன்வரிசை தட்டியது, பின்வரிசை தட்டியது, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவரும் தட்டினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றார் தலைவர். பக்கத்திலிருந்த டெய்லரக்கா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பாவம், அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அண்ணி எழுந்து, தான் எதிர்ப்பதாகச் சொன்னாள். முதலில் தட்டியதே அம்மாதானே என்றார் தலைவர். மன்றமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அடுத்த தீர்மானத்தை எடுத்தார். அண்ணி உட்காரவில்லை. உட்காரச் சொல்லிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். காவலரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டபோதுதான் அவள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"கோவத்துல தட்டிட்டேங்க. முட்டாள்தனம்தான், ஒத்துக்கறேன். அதுக்கு என்னை என்ன வேணா பண்ணுங்க. தண்டனையை எங்க தெருவுல பிள்ளை பெறப்போறவளுக்குக் குடுக்காதீங்க."

சிரிப்பு நின்றது. செயலாளர் குனிந்து தலைவர் காதில் ஏதோ சொன்னார். ஒருத்தர் வேண்டாம் என்று நிற்கும்போது ஏகமனதாக என்று எழுத முடியாது போலிருக்கிறது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, இன்னொரு தடவை வைக்கிறேன். மூடலாம்னு நினைக்கிறவங்க தட்டுங்க."

உடனே யாரும் தட்டவில்லை. அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து, விரல் வெளுக்கிற மாதிரி இறுக்கிக்கொண்டு நின்றாள். டெய்லரக்காவுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்திருக்க வேண்டும். குலுக்கிய என் கையை இன்னும் விடவில்லை, அவள் உள்ளங்கை வேர்த்துவிட்டது. மேசைகள் மேல் கைகள் கிடந்தன. மோதிரம் போட்டவை, பேனா பிடித்தவை, சும்மா கிடந்தவை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். முன்வரிசையில் ஒரு கை மெல்ல மேலே எழுந்தது. தட்டவா, வேண்டாம் என்று சொல்லவா?