ஸம்சுதீன் முதலாளி சிபாரிசு செய்த வித்துவான்

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் சங்கீத வித்துவான்களின் சரித்திரங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் தாம்தான் என்பது ஸம்சுதீன் முதலாளியின் எண்ணம். கருவாட்டு மூட்டைக்கும் துணிக்கட்டுக்கும் நடுவே ஓர் அலுமாரி நிறைய மதராஸ் புத்தகம் வைத்திருப்பவர் வேறு எப்படி எண்ணுவார்? எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் பக்கத்தைப் பார்ப்பார், கடைசிப் பக்கத்தைப் பார்ப்பார், படத்திலிருக்கும் வித்துவானின் மார்பில் எத்தனை மெடல் என்று பார்ப்பார். சிபாரிசு தயார்.

ரப்பர்த் தோட்டத்துப் பெரிய கங்காணி பழனியாண்டிக்கும் அப்படித்தான் ஒரு புத்தகம் போயிற்று. கங்காணியார் புதிதாகக் கிராமபோன் வாங்கியிருந்தார். அது வீட்டுக்கு வந்த அன்றைக்கே சங்கீத ரசிகராகவும் ஆகிவிட்டார். பெரிய வித்துவான் யாருடைய வாழ்க்கையாவது வீட்டில் வாசிக்க வேண்டும் என்று வந்து நின்றார். பிடில்காரர் சரித்திரம் ரொம்ப மெலிசு என்றார் முதலாளி. பாகவதர் சரித்திரத்தில் அழுகை அதிகம் என்றார். கடைசிப் பக்கத்தில் பாகவதர் செத்துப்போவதை அவர் பார்த்திருந்தார். நாகசுர வித்துவான் ஒருவர் தம் கதையைத் தாமே எழுதியிருந்த தடித்த புத்தகத்தைத் தட்டிக் கொடுத்து, இதுதான் உங்கள் அந்தஸ்துக்குச் சரி என்றார். மெடல் ஏழு.

வெள்ளிக்கிழமை சாயந்தரத் தொழுகை முடிந்து வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் மனைவி ஹபீஸா கேட்டாள். கடைப் புத்தகங்களை விற்றுப்போவதற்குள் முழுசாகப் படித்து முடிக்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது.

"அந்த நாகசுரக்காரர்ட புத்தகத்தையா பழனியாண்டி கங்காணிக்குக் குடுத்தீங்க? நடுவுல கங்காணிட கதை ஈக்கிதே, பாக்கல்லையா?"

அவர் பார்க்கவில்லை. அவள் சொன்னாள். வித்துவான் வாலிபத்தில் ஒரு கோஷ்டியோடு ஒத்து ஊதிக்கொண்டு இந்தப் பக்கத்துத் தோட்டத் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். ஒத்து என்பது நாகசுரத்தின் பக்கத்தில் நின்று ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் குழல். மற்றவர்கள் விரல் ஓடும்போது இவர் விரல் மட்டும் அசையாததைக் கண்ட கங்காணி ஒருவர், பயல் வேலை செய்யாமல் ஏய்க்கிறான் என்று தீர்மானித்து அரைப்பேர் போட்டுவிட்டாராம். அதாவது அரைக்கூலி. கங்காணியின் பெயரைப் புத்தகம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தம் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சியாக அந்தக் கதையைப் பழனியாண்டியே, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் லயமாகச் சொல்லித் திரிந்திருக்கிறார்.

முதலாளி சோற்றை விட்டு எழுந்து கை கழுவினார். பழனியாண்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பளத்தன்று தோட்டம் முழுவதும் எதிர்க்கடைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு தமக்கு மிஞ்சுவது அலுமாரியும் அதிலிருக்கும் வித்துவான்களும்தான்.

மூச்சிரைக்க மேடேறிப் போனபோது கங்காணி வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்குத் தெரிந்த வாசிப்பு புராண வாசிப்பு ஒன்றுதான். எனவே வித்துவானுக்கும் அதே மரியாதை: மெடல்களுக்கு மேலே சந்தனப் பொட்டு, புத்தகத்துக்குக் கற்பூரம், சுற்றிலும் கால் மடக்கி உட்கார்ந்த லயத்துச் சனம். எழுத்துத் தெரிந்த மருமகள் அழகம்மா பலகையில் உட்கார்ந்து ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். கதையில் வித்துவான் ஏற்கெனவே இலங்கைக்குக் கப்பலேறிவிட்டார்.

முதலாளிக்கு நாற்காலி வந்தது. அவர் கங்காணியின் காதருகே குனிந்து, பிடில்காரர் சரித்திரம் மெலிசானாலும் விஷயம் கனமானது, இதை நிறுத்திவிட்டு அதைத் தொடங்கலாமே என்றார். பிடில்காரரைப் பற்றி அத்தனை உருக்கமாக அவர் ஒருநாளும் பேசியதில்லை.

"வெளக்கு ஏத்தியாச்சுங்க மொதலாளி. மங்களம் பாடாம நிறுத்துனா குடும்பத்துக்கு ஆகாது."

அழகம்மா பக்கத்தைத் திருப்பினாள். அவள் கண் குரலுக்கு முன்னே ஓடியது. ராகம் அறுந்தது. மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"படி" என்றார் அவர்.

அவள் ராகம் இல்லாமல் படித்தாள். ஒத்து வந்தது, அசையாத விரல் வந்தது, அரைப்பேர் வந்தது. 'அந்தக் கங்காணியார் சங்கீதத்தை விரலசைவால் அளந்தவர்' என்ற வரியும் வந்தது. பின்னால் இருந்த மூக்கையாவுக்கு ஓர் இருமல் கிளம்பி, கிளம்பிய இடத்திலேயே நின்றது. மற்றவர்கள் தங்கள் கால் விரல்களை ஆராய்ந்தார்கள்.

கங்காணி மெதுவாகத் திரும்பினார்.

"இதைப் படிச்சுட்டுத்தான் குடுத்தீங்களா மொதலாளி?"

ஆம் என்றால், அவமானத்தைப் பொட்டலம் கட்டி விற்றவர். இல்லை என்றால், இத்தனை வருஷம் கடைத்தெருவில் செய்த பண்டிதம் அத்தனையும் போச்சு. முதலாளி தொப்பியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். கேள்வி அங்கேயே நின்றது.

"இல்ல கங்காணியார். நான் மொதப் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் பாக்கிற."

"பால் வெட்டப் போனவன் மொத மரத்தையும் கடைசி மரத்தையும் வெட்டிட்டு, நடுவுல உள்ளதைத் தொடாம வந்தா அவனுக்கு என்னாங்க போடுவோம்?"

கங்காணி புத்தகத்தைக் காட்டினார்.

"மிச்சத்தை நீங்க படிங்க. கேட்டுட்டு, ஆளுங்களை எந்தக் கடைக்கு அனுப்புறதுன்னு சொல்றேன்."

அழகம்மா புத்தகத்தை நீட்டினாள். தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஸம்சுதீன் முதலாளி ஒரு புத்தகத்தின் நடுப்பக்கத்தைப் பார்த்தார். அடுத்த வரியில் இன்னும் என்ன காத்திருக்கிறதோ தெரியாது. விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில் எழுத்து எழுத்தாக நகர்ந்தார். 'அன்று வாங்கிய அரைக்கூலிதான் என்னை உறுத்தியது. ஒத்தைக் கீழே வைத்து நாகசுரத்தைக் கையில் எடுத்தேன். இன்று என் மார்பிலுள்ள மெடல்களுக்கெல்லாம் அந்தக் கங்காணியாரே காரணம்.'

"நில்லுங்க. அதை இன்னொருக்கா படிங்க."

படித்தார். கங்காணியின் முதுகு நிமிர்ந்தது.

"அப்ப இந்த வித்துவானை உண்டாக்குனது யாரு?"

"நீங்கதாங்க" என்றான் மூக்கையா. தேங்கி நின்ற இருமலையும் அப்போது இருமித் தீர்த்தான்.

மங்களம் பாடி முடிந்தது. ஆளுங்க எப்போதும்போல உங்க கடைக்குத்தான் வருவாங்க என்று கங்காணி சொன்ன பிறகுதான் முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அழகம்மா கோப்பி கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கோப்பை நிறைய ஊற்றிவிட்டு முதலாளியிடம் வந்தபோது, கங்காணி கையை நீட்டி மறித்தார்.

"அவருக்குப் பாதி ஊத்து. ஒரே சத்தத்துலதானே படிச்சாரு."