லாபுவான் பெரட்டு

இருட்டு இன்னும் செம்பனை மரங்களை விட்டு இறங்கவில்லை. அதற்குள் முதல் குலை விழுந்துவிட்டது.

தடால்.

மண் அதிர்ந்தது. நெற்றி விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, நாலாபக்கமும் சிதறிய உதிரிப் பழங்களை நவமணி குனிந்து பொறுக்கினாள். கையுறை கிழிந்திருந்த இடம் பார்த்து முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பழத்துக்குக் கை நீட்டினாள். பக்கத்து மரத்தடியில் அவள் கணவன் திருச்செல்வம், கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, முப்பதடிக் கம்பின் நுனியிலிருந்த அரிவாளை மட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான்.

"தள்ளிக்கோ."

இரண்டடி நகர்ந்தாள். அவள் நின்ற இடத்தில் இருபது கிலோ குலை வந்து இறங்கியது. இருபத்து நாலு வருஷமாக அவள் உயிர் அந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கிளாரன்ஸ் காலை ஏழு மணிக்குள் காட்டுக்குள் வந்தால் பாம்பாக இருக்கவேண்டும், இல்லை விபத்தாக இருக்கவேண்டும். இன்றைக்கு இரண்டும் இல்லை. பை நிறையக் கடிதங்கள்.

கம்பெனி லாபுவான் தீவுக்கு மாறுகிறது என்றது முதல் பக்கம். அங்கே வரி பேருக்குத்தானாம். மரங்களெல்லாம் அங்கே பதிந்த புதுக் கம்பெனிக்கு. நாளைக் காலை பேர் கூப்பிடும் பெரட்டில், முதலாளி முன்னிலையில், எல்லாரும் புது ஆளாகக் கையெழுத்துப் போடவேண்டும். போடாதவர்களுக்கு வேலை இல்லை.

இரண்டாம் பக்கத்தைக் கிளாரன்ஸ் தலை நிமிராமல் வாசித்தான். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வீடுகள் பழைய கம்பெனியின் சொத்து. புதுக் கம்பெனி ஆட்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முப்பது நாளில் காலி செய்யவேண்டும்.

கையெழுத்துப் போட்டால் வீடு போகும். போடாவிட்டால் வேலை போகும். இரண்டு பக்கமும் வாய் வைத்த பொறி. மகள் விஷாலினிக்குப் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை ஆறு வாரத்தில். பக்கத்து டவுன் புக்கிட் ரோத்தானில் ஓர் அறைக்கு என்ன வாடகை ஆகும் என்று நவமணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்; கட்டவில்லை.

சாயங்காலம் லயத்து வாசலில் பத்தொன்பது குடும்பமும் கூடிவிட்டது. ஆளுக்கொன்று பேசினார்கள். ஒன்றும் கரை சேரவில்லை. நடுவில் மருந்தடிக்கும் சின்னையா எழுந்து, ரொம்பக் கவலையாகக் கேட்டார்:

"அங்க கப்பல்ல போறதா, பிளேன்லயா? எங்கிட்ட பாஸ்போர்ட் இல்ல லா. கோழியெல்லாம் வேற தூக்கிக் குடுத்துட்டேன்."

லயமே சிரித்தது. போவது காகிதம் மட்டும்தான், மரமும் மனுஷனும் இங்கேயேதான் என்று திருச்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்கினான். எல்லாரோடும் சிரித்த நவமணி சட்டென்று நிறுத்தினாள்.

"சின்னையாண்ணன் கேட்டதுதான் சரி. கம்பெனி லாபுவான்ல இருந்தா பெரட்டும் அங்கதானே வைக்கணும்? அங்க இல்லாத நாம, இங்க நின்னுக்கிட்டு எப்படி 'இருக்கேன்'னு சொல்றது?"

சிரிப்பு அடங்கியது. நாளைக்குப் பேர் கூப்பிட்டால் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவாயிற்று.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. தோட்டத்தில் பதினோரு வங்காளதேசத்து ஆட்கள். அவர்கள் பேர் கொடுத்துவிட்டால் வேலை நடந்துவிடும். அவர்களின் வேலை பெர்மிட் பழைய கம்பெனி பேரில், புதுக் கம்பெனியில் சேர்ந்தால் அது செல்லாது என்பதைப் பிடித்துக்கொண்டு நவமணி அவர்கள் தங்கும் கொங்சிக்குப் போனாள். அவர்களின் தலையாள் நூருல் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டான். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

பெரட்டில் நூருல் தினமும் மலாயில்தான் பதில் சொல்வான். 'அடா.' இருக்கிறேன் என்று அர்த்தம். தினமும் சின்னையா முணுமுணுப்பார்: "நேத்து வந்த பய, கிராணியவே அடாங்கறான் பாரு."

மறுநாள் காலை ஆறு மணி. பெரட்டுக் களத்தில் மேசை, மேசைமேல் பேனாக்கள். முதலாளி ட்ரெவர் காரில் சாய்ந்து நின்றார். கிளாரன்ஸ் புதுப் பட்டியலை விரித்தான்.

"திருச்செல்வம்."

பதில் இல்லை.

"நவமணி."

இருபத்து நாலு வருஷப் பழக்கம் நாக்கு நுனிவரை ஓடி வந்தது. பல்லைக் கடித்தாள்.

"காது கேக்கலையா?" என்றார் ட்ரெவர்.

"கேக்குது மொதலாளி. இது லாபுவான் ஆளுங்க பேரு. அங்க போய்க் கூப்பிடுங்க."

ட்ரெவருக்குச் சிரிப்பு வந்தது. "அது வெறும் பேப்பர் லா. அங்க ஒரு ரூம்பும் ஒரு போர்டும்தான் இருக்கு. யாரும் எங்கேயும் போகல."

"யாரும் போகலன்னா, நாங்க மட்டும் ஏன் வீட்ட விட்டுப் போகணும்?"

ட்ரெவரின் சிரிப்பு நின்றது. பதினோரு பேர் போதும், தோட்டம் ஓடும் என்றார். "கூப்பிடு கிளாரன்ஸ்."

"நூருல் இஸ்லாம்."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. நூருல் வாயைத் திறந்தான். அவன் திரும்பி அவளை ஒரு கணம் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

பட்டியல் முழுக்க ஒரே மௌனம். ரோட்டோரம் நேற்று வெட்டிய குலைகள் லோரிக்குக் காத்துக் கிடந்தன. அவை கெடுவதற்கு அதிக நேரம் ஆகாது. களத்தில் நின்ற எல்லாருக்கும் அது தெரியும். ட்ரெவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதுக்கப்புறம் லயத்துல தண்ணியும் கிடையாது, கரண்டும் கிடையாது." காரை நோக்கி நடந்தார்.

"கிராணி," என்றாள் நவமணி. "பழைய புக்க எடுங்க. நாங்க வேலைக்கு வந்துட்டோம். பேரு கூப்பிடுங்க."

கிளாரன்ஸ் காரைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். அவன் குடியிருப்பதும் பழைய கம்பெனி வீடுதான். அவன் பேருக்கும் ஒரு கடிதம் பைக்குள் மடித்துக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்து அட்டை கிழிந்த பெரட்டுப் புத்தகத்தை எடுத்தான். அவசரத்தில் முதலில் திறந்தது கடைசிப் பக்கம்.

"நூருல் இஸ்லாம்."

"அடா!"

"சின்னையா."

சின்னையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நூருலைப் பார்த்தார். பிறகு லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்:

"அடா!"

அதன் பிறகு யாரும் வேறு சொல் சொல்லவில்லை. திருச்செல்வம், நவமணி, அடுத்தவர், அதற்கடுத்தவர், அடா, அடா என்று களம் ஒரே தொண்டையாயிற்று.

கார்க் கதவில் கை வைத்திருந்த ட்ரெவர் விருட்டென்று திரும்பினார். அவர் காதில் அது மலாயாக விழுந்ததோ, தமிழாக விழுந்ததோ, யாரும் விளக்கம் சொல்லவில்லை. கிளாரன்ஸ் அடுத்த பேரைக் கூப்பிட்டான்.