சிட்டு கவ்விய போட்டோ

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து வந்தது. முத்தாபுதுப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஒரு நாய் அந்தரத்தில் பறக்கிறது, ஒரு மனுஷன் கை முழுசும் அதன் வாயில்! "எப்டி கீது சார்?" என்றார், பிள்ளைக்கு மொட்டையடித்த படத்தைக் காட்டுகிறவர் மாதிரி. நான் டீ கிளாஸோடு ஓர் அடி பின்னால் போனேன். அவருக்கோ முகமெல்லாம் பல். (கதையில் இவர் பெயர் பாண்டியன். உள்ளே வந்ததும் 'அவன்' ஆகிவிடுவார், கோவித்துக்கொள்ள மாட்டார்.)

2

'மைதிலி தைரியமான...' (வேண்டாம். நானே சொன்னால் யார் நம்புவார்கள்?)

'ஆவடி வெயில் சுள்ளென்று...' (ஐயோ, போதும்.)

நேராகவே போகிறேன். மைதிலி, நாற்பத்தொரு வயது, பேக்டரி குவார்ட்டர்ஸ். அவள் நாய் சிட்டு, முப்பது கிலோ. பெயர் குட்டியில் வைத்தது. ஞாயிறு காலையில் நாய்ப் பயிற்சி கிளப் மைதானத்தில் பாண்டியன் தடித்த சணல் உறை மாட்டிய கையை நீட்டுவான். சிட்டு பாய்ந்து கவ்வும். மைதிலி "விடு" என்றதும் விட்டுவிட்டு உட்காரும். கவ்வினால் மார்க், விட்டால் இன்னும் மார்க். விளையாட்டே அவ்வளவுதான்.

அப்போதுதான் ஒரு வரைவு விதி வருகிறது. (எண் கேட்காதீர்கள், விதி நான் போட்டது.) நாய்களைக் கவ்வப் பழக்கக்கூடாது, பழக்கியவற்றை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதாமே! ஆறு வருஷமாகக் கட்டிலுக்கடியில் படுக்கிற ஜீவன் என்ன, காலி கேஸ் சிலிண்டரா?

3

ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள். மைதிலி எழுத, பாண்டியன் டைப் அடித்தான். மனு அருமையாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்ம ஆட்கள் முதல் பக்கத்திலேயே அந்தப் போட்டோவை ஒட்டினார்கள்! பல்லெல்லாம் தெரிய, எச்சில் தெறிக்க, கீழே 'எங்கள் விளையாட்டு' என்று வேறு.

(கிளப்காரர் கண்ணுக்கு அதில் தெரிவது நேர்த்தி. பயந்த நாய் நுனிப்பல்லால்தான் கடிக்கும், சிட்டு வாய் நிறையக் கவ்வியிருக்கிறது. ஊருக்கே இது தெரியும் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.)

விசாரணை அதிகாரி ரேவதி மேடம் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். "தடை பண்ணச் சொல்லி நான் எழுதவே வேணாம் போல. காரணத்த நீங்களே குடுத்துட்டீங்க."

அறையே சிரித்தது. "யக்கா, நமக்கு நாமளே ஆப்பு வெச்சிக்கினோம்" என்றான் பாண்டியன் மெல்ல.

இங்கே மைதிலியை அழவிட நினைத்தேன். மாட்டேன் என்கிறாள், எழுந்தேவிட்டாள்.

"மேடம், இது பாதிதான். அடுத்த செகண்டே அது விட்டுடுச்சு. அத யாரும் போட்டோ எடுக்கல, நாய் சும்மா உக்காந்திருக்கறத எவன் எடுப்பான்? ஞாயித்துக்கிழமை வந்து கண்ணால பாருங்க."

4

வந்துவிட்டார்! சத்தியமாக நானே எதிர்பார்க்கவில்லை.

சிட்டு கிளம்பியது. அடடா, என்ன ஓட்டம்! மோதின வேகத்தில் பாண்டியன் ஒரு சுற்று சுற்றி நின்றான். கவ்விய வாய் கவ்வியபடி இருந்தது. மைதிலி வாய் திறக்கும்போது மேடம் கையை உயர்த்தினார்.

"உங்க சொல்லுக்கு விடும், சரி. நீங்க இல்லாத அன்னிக்கு? வேற யாராவது சொல்லட்டும்."

மைதிலி சிட்டுவைப் பார்த்தாள். சிட்டு இதுவரை அவள் குரலுக்கு மட்டும்தான் விட்டிருக்கிறது. இன்னொருத்தரை அவள் சொல்லவிட்டதே இல்லை. முடியாது என்றால் இங்கேயே தோற்றாள்.

"சரி மேடம்" என்றாள்.

5

முடிவு ஒன்று: சிட்டு விட்டது, மேடம் கைதட்டி... (எனக்கே பொய்யாகப் பட்டது.)

முடிவு இரண்டு: விடவில்லை. சிட்டுவை வண்டியில் ஏற்ற... (அடுத்த வார்த்தை வரவில்லை. போங்க, என்னால் ஆகாது.)

'விடு' என்று யார் சொல்வது? பாண்டியன் கிளப் ஆள், மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார். நானும் இவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன், இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மிச்சம் நீங்கள்தான். சிட்டு உங்களைப் பார்த்ததே இல்லை.

ஒரே தடவைதான் சொல்லலாம். கத்தக்கூடாது, கெஞ்சக்கூடாது. மைதிலி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ம், சொல்லுங்க.