நாலு ஜியில் நேர்ந்துகொண்டது

என் மகள் பிளசிக்கு வேலை கிடைத்த சேதியை நான் மாரண்டஹள்ளியில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த பெண்ணுக்கு பெங்களூரு பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டரைப் பராமரிக்கிற வேலை. தண்டவாளத்தில் ஏறி போல்ட் முடுக்க வேண்டுமாம். "ராட்டினம் சுத்தறதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எழுதிப் போடு என்றேன். அவள் எழுதவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இதற்கு நடுவில் சனிக்கிழமை எங்கள் பங்குக் கோயிலின் மரியாயின் சேனை ஜெபக் குழுவுக்குச் சுற்றுலா. உபதேசியார் இன்னாசி எங்கே கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தார் தெரியுமா? அதே பூங்காவுக்கு! பிளசி சொல்லிக் கொடுத்திருப்பாளோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

பஸ்ஸில் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த ரோலர் கோஸ்டர்ல ஒரே ஒரு தடவ ஏறு. ஏறி எறங்கிட்டு வேணாம்னு சொல்லு, நான் அப்புறம் வாயே தொறக்க மாட்டேன். சத்தியமா."

இதென்ன பெரிய காரியம்? விடிகாலை மூணு மணிக்கு டெம்போவில் தக்காளிக் கிரேட் மேல் உட்கார்ந்து மண்டிக்குப் போகிறவள் நான். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்து, சரி என்று சொன்னேன்.

வரிசையில் நிற்கும்போது பாடம் எடுத்தாள். நாம் சும்மா நிற்கிறபோது பூமி நம்மை இழுக்கிற அளவு ஒரு ஜி. வண்டி மேலிருந்து விழுந்து பள்ளத்தில் வளைந்து ஏறும்போது நாலு ஜி.

"உன் எடை அறுவத்தெட்டு கிலோ. அங்க மட்டும் ரெண்டு செகண்டு எரநூத்தி எழுவத்திரண்டு கிலோ இருக்கிற மாதிரி அமுக்கும்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இருபத்தைந்து கிலோ கிரேட் என்றால் கிட்டத்தட்ட பதினோரு கிரேட். பதினோரு கிரேட் தக்காளியை யாராவது என் தலையில் ஏற்றப் போகிறார்களா?

"ஃபைட்டர் பிளேன் ஓட்டறவங்களுக்கு ஒம்போது ஜி வரும்மா. அதுக்குப் பல மாசம் டிரெய்னிங். நமக்கு டிக்கெட் மட்டும் போதும்."

"காசு குடுத்து வேற இத வாங்கணுமாக்கும்!" என்றேன்.

நானும் பிளசியும் முன்னால், பின் சீட்டில் இன்னாசி. ஒரு பையன் வந்து நெஞ்சுக்கு மேல் இருந்த இரும்புக் கம்பியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். வண்டி கடகடவென்று மேலே ஏறியது. ஏறும்போது ஊரெல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. உச்சியில் ஒரு நொடி நின்றது. அப்புறம் கீழே தண்டவாளமே கண்ணுக்குத் தெரியவில்லை.

உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பி அந்தரத்தில் தொங்குகிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது ஒன்றே ஒன்று, போல்ட். யாரோ ஒருத்தர் முடுக்கியிருக்க வேண்டும். சரியாக முடுக்கினாரா?

"ஆரோக்கிய மாதாவே! இந்த போல்ட்ட முடுக்குன ஆளுக்கு..."

அதற்குள் பள்ளம் வந்துவிட்டது. அம்மாடி, அதை எப்படிச் சொல்வேன்! கன்னம் தாடைக்குக் கீழே இறங்கியது. தலை கழுத்துக்குள் போயிற்று. கையைத் தூக்கப் பார்த்தேன், கை என்னுடையதாகவே இல்லை. கண்ணின் ஓரமெல்லாம் மங்கியது. வாயில் "ஊ..." என்பதற்கு மேல் வரவில்லை. பதினோரு கிரேட்டும் என் மேல்தான் இருந்தது. அடுத்த மேட்டில் ஏறி உடம்பு லேசானதும் மீதி வேண்டுதல் தானாக வெளியே வந்தது.

"...தலையிலிருந்து கால் வரைக்கும் புதுசா உடுப்பு எடுத்துத் தர்றேன் தாயே! ஒன்னும் கழண்டுக்காம பாத்துக்க!"

இறங்கினோம். பிளசி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னாசி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"ரோசம்மா, நேர்ந்துகிட்டத நான் முழுசா கேட்டேன். மாதாகிட்ட சொன்னத தள்ளிப் போடக்கூடாது."

"உயிர் போற நேரத்துல சொன்னதெல்லாம் கணக்காங்க உபதேசியாரே?"

"உயிர் போற நேரத்துல சொன்னதுதான் கணக்கு."

இந்த மனுசனைச் சமாளிக்க முடியுமா! கம்பியை இழுத்துப் பார்த்த பையனிடம் அவரே போய் விசாரித்தார். அவன் வாக்கி டாக்கியில் கூப்பிட்டதும், பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். தலையில் முக்காடு, அதன் மேல் ஹெல்மெட், கையில் கிரீஸ். பெயர் அனம். ஊர் எங்கள் தர்மபுரிதானாம்.

"நீயாம்மா முடுக்குன?" என்று கேட்டேன்.

"நானும் இன்னும் ரெண்டு பேருங்கம்மா. காலைல அஞ்சு மணிக்கு மேல வரைக்கும் நடந்து பாப்போம். ஒவ்வொரு போல்ட்டுலயும் மஞ்சக் கோடு போட்டிருக்கும். கோடு ஒரு நூல் விலகியிருந்தாக்கூட அன்னைக்கி வண்டி எடுக்க வுட மாட்டோம்."

"பெரிய ஆளுங்க யாராச்சும் எடுக்கச் சொன்னா?"

"சாவி எங்ககிட்டங்கம்மா."

அதைச் சொன்னபோது அவள் நின்ற நிலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. எங்கே தங்குகிறாய், சாப்பாடு எப்படி, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று எல்லாம் கேட்டேன். கடைசியில், நான் கேட்கவே நினைக்காத ஒன்று வாயில் வந்தது.

"உங்கம்மா தனியா எப்படிம்மா இருக்காங்க?"

அனம் சிரித்துவிட்டாள். "மொத மாசம் தெனம் மூணு தடவ போன் பண்ணி அழுதாங்க. இப்ப நான் பண்ணா எடுக்கறதே இல்ல. மகளிர் குழுவுல மீட்டிங்காம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் கஸ்பார் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். நான் ராட்டினத்துக்குப் பயப்படவே இல்லை. ஒற்றைத் தட்டுக்குப் பயந்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாள் கத்தினேன்.

நேர்ச்சை விஷயத்தைச் சொன்னதும் அனம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வர்றவங்ககிட்ட நாங்க எதுவும் வாங்கக்கூடாதுங்கம்மா. எங்க டீம்ல ஒரு எடம் காலியா இருக்கு. வர வேண்டிய பொண்ணு இன்னும் பதில் சொல்லலையாம். அது வந்தா அதுக்கு எடுத்துக் குடுங்க, அதுவும் போல்ட் முடுக்கற ஆள்தான்."

அவளுக்குப் பிளசியை அடையாளம் தெரியாது. பிளசியும் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், அத்தோடு முடிந்தது.

"ஏன்டி, கோட்ட ஒழுங்கா பாப்பியா?"

அவள் நிமிர்ந்தாள். "ரெண்டு தடவ பாப்பேன்மா."

"அப்ப போ. தெனம் போன் பண்ணணும். நான் எடுக்கலன்னாலும் பண்ணணும்."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுவழியில் குதித்தாள். இன்னாசி கண்ணைத் துடைத்தார். "உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்று அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு நானும் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். நேர்ந்துகொண்டபடி ஹெல்மெட்டுக்கு அடியில் கட்ட நல்ல துணி, இரண்டு செட் பேண்ட் சட்டை எல்லாம் வாங்கினேன். விரல் பக்கம் இரும்புத் தொப்பி வைத்த ஷூ ஒன்றுதான் பாக்கி. பாலக்கோட்டில் செருப்புக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்குங்க, பையனுக்கா?"

"எம் பொண்ணுக்கு. ரோலர் கோஸ்டர் அவ சொன்னாத்தான் கிளம்பும்," என்று கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் சைஸ் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடைசியாக நான் அவளுக்கு ஷூ வாங்கியது பத்தாம் வகுப்பில். போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஆறும்மா. எப்பவும் போல ஒரு சைஸ் பெருசா வாங்கிடாத. நான் வளந்துட்டேன்."

சரி என்று சொல்லி ஆறாம் நம்பரையே வாங்கினேன்.