நாலாம் சைஸில் ஒரே ஒரு ஜோடி

ஒரகடத்தில் யாரும் காரணம் இல்லாமல் நடக்க மாட்டார்கள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நடப்பார்கள். ஷேர் ஆட்டோவில் இடம் கிடைக்காமல் நடப்பார்கள். சும்மா நடக்கிற மனிதரை அந்தப் பக்கத்து நாய்கள்கூடப் பார்த்ததில்லை. பார்த்தால், குரைப்பதா வேண்டாமா என்று நாலு நாய் கூடிக் கலந்து பேசும்.

அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு இருபத்திரண்டு பேர், முதுகில் பையும் காலில் ஒரே மாதிரி காக்கி ஷூவுமாகப் பல்கலைக்கழக கேட்டைத் தாண்டி எங்கேயோ போனார்கள். சாயங்காலம் எதையும் வாங்காமல், யாரையும் பார்க்காமல், வெறுங்கையோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். விடுதி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த இசக்கிசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. அவள் திசையன்விளைப் பக்கத்துப் பெண். அங்கே உயரம் என்றால் பனைமரம் ஒன்றுதான், அதிலும் பெண்பிள்ளையை ஏற விடமாட்டார்கள். மலை என்பதை அவள் தூரத்தில் நீலமாகப் பார்த்திருக்கிறாளே தவிர, அதன் மேல் கால் வைத்ததில்லை.

அந்த இருபத்திரண்டு பேருக்கு வெட்டவெளி மன்றம் என்று பெயர். சேர்ந்துவிடலாம் என்று முதலாண்டு முதல் மாதமே போய் நின்றாள். மன்றத்துச் செயலாளர் தணிகாசலம், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து போகிற மெக்கானிக்கல் மாணவன். மன்றத்துக்குப் பதினோரு விதிகள். அவற்றை அவன் குளிக்கும்போதும் முணுமுணுப்பான் என்று கேள்வி.

"பேர அப்பறம் சொல்லு மா. கால் சைஸ் இன்னா?"

"நாலு."

தணிகாசலம் உதட்டைப் பிதுக்கினான். "நாலா? கஸ்டம்."

விஷயம் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் மன்றத்தில் ஒருவன் ரப்பர் செருப்போடு பாறை ஏறி, பாறையை விட வேகமாகக் கீழே வந்தான். அன்று பயந்துபோன பதிவாளர் அலுவலகம், பக்கத்து ஷூ தொழிற்சாலை ஒன்றில் முத்திரை கோணலாக விழுந்து ஏற்றுமதிக்குப் போகாமல் நின்ற இருபத்திரண்டு ஜோடியைக் கேட்டு வாங்கியது. ஒவ்வொரு ஜோடிக்கும் நம்பர் அடித்து, அந்த நம்பர்களின் மேல் காப்பீடு எடுத்தது. ஆகவே இருபத்திரண்டு ஜோடி, இருபத்திரண்டு உறுப்பினர். யாராவது பட்டம் வாங்கிப் போனால் அவர் ஷூ காலியாகும். அது யார் காலுக்குப் பொருந்துகிறதோ அவர் உள்ளே. படிப்பு, பாட்டு, சிபாரிசு எதுவும் செல்லாது. மந்திரி மகனே வந்தாலும் முதலில் ஸாக்ஸைக் கழற்றச் சொல்வார்கள்.

"நான் சொந்தமா ஷூ வாங்கிப் போட்டுட்டு வாரேன் அண்ணே."

"சொந்த ஷூ போட்டுக்கினு வுழுந்தா அது உன் சொந்த வுழுகை. மன்றத்து ஷூ போட்டுக்கினு வுழுந்தாத்தான் யுனிவர்சிட்டி வுழுகை. அதுக்குத்தான் இன்ஷூரன்ஸ்."

அஞ்சாம் சைஸில் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டுக்காட்டினாள். தணிகாசலம் மண்டியிட்டான். ஆறாவது விதி விரல் சோதனை. காலை முன்னால் தள்ளி நிற்கவேண்டும், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் போகவேண்டும், இரண்டு விரல் போகக்கூடாது. இசக்கிசெல்வியின் குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரலும் ஒரு பென்சிலும் போயின. மூணு ஸாக்ஸ் போட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை, ஏனென்றால் அதையும் ஒருவன் செய்து, கால் முழுக்கக் கொப்புளம் கண்டு, அவனைத் துப்பட்டாவில் தொட்டில் கட்டித் தூக்கி வந்த கதை விடுதி முழுக்கத் தெரியும். அன்றிலிருந்து ஒரு காலுக்கு ஒரு ஸாக்ஸ்தான்.

"நாலுல ஒரே ஜோடி. பதினேழாம் நம்பர். மெர்சி அக்கா வெச்சிக்கினு கீது. அதோட ஷூ வந்தா உனக்குத்தான், லிஸ்ட்ல நீதான் ஃபர்ஸ்ட்." கொஞ்சம் யோசித்துவிட்டு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டான். "லிஸ்ட்ல நீ மட்டுந்தான்."

"அவிய வராத அன்னிக்காவது?"

"ஒம்பதாவது விதி. மெம்பர் வர முடியாத ஞாயிறு, தன் ஷூவ வேற கால்ல மாட்டி அனுப்பலாம். யாரா வேணா இருக்கலாம், கால் பொருந்தணும், அவ்ளோதான். ஆனா மெர்சி அக்கா இதுவர ஒரு ஞாயிறு லீவு போட்டதில்ல. அவங்க அண்ணன் கல்யாணத்தன்னிக்கே மண்டபத்துக்கு மத்தியானமாத்தான் போச்சு."

மெர்சி வல்லம் வடகால்காரி. படிப்பு முடிந்து வருஷங்கள் ஆகி, பிரேக்குக்குள் வைக்கிற ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். ஆனால் புள்ளியியலில் ஒரே ஒரு அரியர் நின்றது. நாலாவது விதி சொன்னது: பட்டம் கைக்கு வரும்வரை மாணவரே. ஆகவே மெர்சி மாணவி, பதினேழாம் ஜோடி மெர்சியுடையது.

இசக்கிசெல்வி ஒரு வருஷம் காத்தாள். மெர்சி இரண்டு முறை பரீட்சை எழுதி இரண்டு முறையும் தோற்றாள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஜவ்வாது மலைக்கு மூன்று நாள் போகப்போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அன்றைக்கே இசக்கிசெல்வி முடிவு கட்டினாள். அவளுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. மெர்சியை எப்படியாவது பாஸ் பண்ண வைத்துவிட்டால் ஷூ தன் காலுக்கு வந்துவிடும்.

முதல் ஷிப்ட் முடித்து மெர்சி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற பேக்கரி வாசலில் போய் நின்றாள். "அக்கா, நான் ஒங்களுக்குப் புள்ளியியல் சொல்லித் தாரேன்."

மெர்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். "நாலா?"

"நாலுதான்."

"ஒளிவு மறைவு இல்லாத பொண்ணு. வா, டீ சாப்ட்டுக்கினே படிக்கலாம்."

ஒரு மாதம் நடந்தது அந்த வகுப்பு. இசக்கிசெல்வி தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தாள். பகடையைப் பன் மேல் உருட்டிக் காட்டினாள், தேங்காய் பிஸ்கட்டை அடுக்கிச் சராசரி காட்டினாள். ஊரில் உள்ள காக்காய்க்கெல்லாம் நிகழ்தகவு வந்துவிட்டது, மெர்சிக்கு மட்டும் வரவில்லை. "மண்டைல ஏறலடி செல்வி" என்று கொட்டாவி விட்டுவிட்டு இன்னொரு பப்ஸ் சொல்வாள்.

ஒருநாள் நடுவில் மெர்சிக்குப் போன் வந்தது. அடுத்த ஷிப்ட் பையன். மெர்சி பப்ஸை மென்றுகொண்டே பேசினாள். "இன்னாடா, சாம்பிள் அம்பதுல மூணு போச்சா? அப்ப கன்ட்ரோல் லிமிட்டத் தாண்டிக்கினு கீது. நிறுத்து. ஸ்டாண்டர்டு டீவியேஷன் எவ்ளோ? அதெல்லாம் இல்ல, தப்பு, பாயிண்ட் ஜீரோ த்ரீதான் வரும், மறுபடியும் போடு." போனை வைத்தாள். மறுபடியும் கொட்டாவி விட்டாள்.

இசக்கிசெல்வி பகடையைப் பைக்குள் போட்டாள். "அக்கா, ஒங்க பழைய மார்க்கக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க."

போனில் இருந்தது. ஆறு தடவை எழுதியிருந்தாள். பாஸுக்கு ஐம்பது. முதல் தடவை நாற்பத்தொன்பது. இரண்டாம் தடவை நாற்பத்தொன்பது. ஆறாம் தடவையும் நாற்பத்தொன்பது. உலகத்தில் நூற்றுக்கு நூறு வாங்க ஆயிரம் பேர் உண்டு. திருத்துகிறவர் எந்த வரியில் அரை மார்க் வெட்டுவார் என்றுகூடக் கணித்து, ஆறு முறை குறி தவறாமல் நாற்பத்தொன்பது வாங்க அந்த ஒருத்தியால்தான் முடியும். இசக்கிசெல்விக்குக் கோபம் வந்ததா, கும்பிடத் தோன்றியதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேணும்னே ஃபெயிலாவுதீய."

மெர்சி மறைக்கவில்லை. "பாஸானா ஷூவக் கழட்டணும்."

"ஏழு வருசத்துக்குள்ள முடிக்கலன்னா டிகிரியே கெடையாதே அக்கா. வார நவம்பர்தான ஒங்களுக்குக் கடைசி?"

"தெரியும். நாலாவது விதிய ஒழுங்கா படி. பட்டம் கைக்கு வர்ற வரைக்கும் மாணவர். எனக்குக் கைக்கு வரவே வராதுன்னா?" மெர்சி சிரித்தாள். "சாவுற வரைக்கும் மெம்பர்."

தணிகாசலத்துக்கே தோன்றாத ஓட்டை அது. இசக்கிசெல்வி டீயை வைத்துவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"ஒரு நாளைக்கி நாலாயிரம் வளையம் பாக்குறேன் செல்வி," என்றாள் மெர்சி, குரலைத் தாழ்த்தி. "ட்யூப்லைட்டுக்குக் கீழ. கண்ண மூடினாலும் வட்டம் வட்டமாத்தான் தெரியுது. வூட்டுக்கு வந்தா தட்டு வட்டம், தோச வட்டம். ஞாயித்துக்கிழம மட்டுந்தான் வட்டமா இல்லாத எதையாச்சும் பாக்குறேன். டிகிரி இல்லாட்டியும் வளையம் பாக்கலாம். ஷூ இல்லாட்டி இன்னா பண்றது?"

இசக்கிசெல்விக்கு அது புரிந்தது. அவளும் விடுதி ஜன்னலிலிருந்து அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள்தானே.

அந்த வாரம் அவள் பென்னலூருக்குப் போனாள். அண்ணன் உச்சிமாகாளி அங்கே ஒரு ரூமில், ஊர்க்காரப் பையன்களோடு தங்கிக் கம்பெனிக்குப் போய்வந்தான். ஆறு பேருக்கு மூன்று பாய். பகல் ஷிப்ட்காரன் எழுந்து போனால் ராத்திரி ஷிப்ட்காரன் வந்து அதே பாயில் படுப்பான், பாய்க்குச் சூடு ஆற நேரமே கிடையாது. சுவரில் யார் பாய் எந்த நேரம் யாருக்கு என்று அட்டவணை ஒட்டியிருந்தது. இசக்கிசெல்வி அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"என்னட்டி, பாயப் பாத்துட்டு நிக்க?"

"ஒண்ணுமில்லண்ணே. ஒரு தாளும் ஸ்கேலும் தா."

மறுநாள் பேக்கரியில் மெர்சியின் முன்னால் ஒரு தாளை விரித்தாள். அடுத்த வருஷத்து ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், கட்டம் கட்டமாக. ஒரு கட்டத்தில் செல்வி, அடுத்ததில் மெர்சி.

"நீங்க பாஸாவுங்க. நான் மெம்பராவுதேன். ஒம்பதாவது விதிப்படி என் ஷூவ ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஒங்க கால்ல மாட்டி அனுப்புதேன். இன்ஷூரன்ஸ் ஷூ நம்பருக்குத்தான், ஆளுக்கு இல்ல. பாய்க்கு ஷிப்ட் போடுத மாதிரி ஷூவுக்கு ஷிப்ட்."

"இப்பக் கையில முழு ஞாயிறு கீது. நீ பாதி தர்ற."

"பாதி ஞாயிறும் ஒரு டிகிரியும்."

"நீ மெம்பரானப்பறம் தர மாட்டேன்னா?"

இசக்கிசெல்வி தாளை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். மெர்சி தரம் பார்க்கிறவள், எதைப் பார்த்தாலும் பிசகு எங்கே என்றுதான் தேடுவாள். அவள் விரல் ஜனவரியில் நிற்காமல் நேராகப் பிப்ரவரிக்குப் போனது. ஜவ்வாது மலை, மூன்று நாள். கட்டத்தில் மெர்சி என்று எழுதியிருந்தது. முறைப்படி அது செல்வியின் வாரம். அங்கே முதலில் செல்வி என்று எழுதி, ரப்பரால் தேய்த்து, தாள் நைந்து போயிருந்தது.

மெர்சி அந்த நைந்த இடத்தை நாலாயிரத்து ஒன்றாவது வளையம் போல வெகுநேரம் பார்த்தாள்.

"பப்ஸ் சாப்புடுறியா?" என்றாள். வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

நவம்பரில் எழுதினாள். ஜனவரியில் முடிவு வந்தது. இசக்கிசெல்வி போனைத் திறந்தாள். மெர்சி அனுப்பியிருந்த படத்தில் ஒரே ஒரு எண். ஐம்பது. நாற்பத்தொன்பதும் இல்லை, ஐம்பத்தொன்றும் இல்லை. கீழே ஒரு வரி: 'எதுக்கு வேஸ்ட் பண்ணணும்.'

அடுத்த ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குக் கேட்டருகில் மன்றத்து வேனைச் சுற்றி மன்றமே கூடியது. தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதாக மெர்சி தணிகாசலத்திடம் காட்டினாள். பிறகு குனிந்து பதினேழாம் ஜோடியைக் கழற்றினாள். ஏழு வருஷம் போட்ட ஷூ, கால் வெளியே வந்த பிறகும் மெர்சி மாதிரியே நின்றது. அவள் ரப்பர் செருப்புக்கு மாறி, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகப் போனாள்.

இசக்கிசெல்வி ஒற்றை ஸாக்ஸைத் தூக்கிக் காட்டிவிட்டு ஷூவைப் போட்டாள். காலை முன்னால் தள்ளி நின்றாள். தணிகாசலம் மண்டியிட்டு ஆள்காட்டி விரலை விட்டான். போயிற்று. நடுவிரலையும் சேர்த்துப் பார்த்தான்.

அதுவும் போயிற்று.

நாலாம் சைஸ் ஷூதான், நாலாம் சைஸ் கால்தான். ஆனால் ஏழு வருஷம் மலை ஏறியதில் ஷூ அகன்று, அதற்கே அஞ்சாகிற ஆசை வந்திருந்தது. இசக்கிசெல்வி ஷூவைப் பார்த்தாள். வேன் டிரைவர் இன்ஜினை அணைத்தார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இன்னாடா?" என்றாள் மெர்சி ஓரத்திலிருந்து.

"இரு கா. சோதனை போய்க்கினு கீது." தணிகாசலம் தலை நிமிரவில்லை. இரண்டு விரலையும் வெளியே எடுத்து, தன் கையை முதல்முறை பார்ப்பவன் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதினோரு விதியையும் உதடு அசைய ஒருமுறை ஓட்டினான். ஆறாவது விதிக்கு வந்ததும் நின்றான்.

"ஒரு வெரலு போகணும். ரெண்டு போகக் கூடாது. எந்த வெரலுன்னு எழுதல," என்றான், பொதுவாக, வேனைப் பார்த்து. பிறகு கட்டைவிரலை விட்டான். மெக்கானிக்கல் கட்டைவிரல், ஸ்பேனர் பிடித்துத் தடித்தது. கச்சிதமாகப் போயிற்று. கூட இன்னொன்றை நுழைக்க, எல்லாரும் பார்க்க, மெனக்கெட்டு முயன்றான். நுழையவில்லை.

"பாஸ். பதினேழு, இசக்கிசெல்வி. வேன்ல ஏறு மா."

அன்றைக்கு அவர்கள் ஏறியது மலை என்று சொல்லக்கூடாது. முன்னூறு அடி கரடு, உச்சியில் இரண்டு ஆடு. இசக்கிசெல்வி அதை இமயம் ஏறுவது போல ஏறினாள். ஷூவுக்குள்ளே மெர்சியின் பெருவிரல் பதித்த குழியில் தன் பெருவிரல் வழுக்கி வழுக்கி உட்கார்ந்தது. மேலே நின்றால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வரிசை வரிசையாகத் தொழிற்சாலைக் கூரைகள், நடுவே எறும்பு மாதிரி கம்பெனி பஸ்கள். அவள் வட்டமாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. மெர்சியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வேன் திரும்பியபோது கேட்டருகில் மெர்சி ரப்பர் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள். இசக்கிசெல்வி இறங்கியதும் இறங்காததுமாக மதில்மேல் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள்.

"அடுத்த வாரந்தான்டி என் ஷிப்ட்டு. இப்ப எதுக்குக் கழட்டுற?"

"மறந்துருவேன்னு நெனச்சுருவீயளோன்னு."

மெர்சி ஷூவை வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு சின்னக் கல் விழுந்தது. அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பழக்கதோஷத்தில் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஜவ்வாதுக்கு ஆறாம் சைஸ்காரி ஒருத்தி வரல," என்றாள். "அவ ஷூ சும்மாத்தான் கெடக்கும், நீயும் வரலாம். தணிகாசலத்தோட கட்டவெரல் இன்னும் எவ்ளோ வீங்கும்னு கேட்டுப் பாக்கலாமா?"