வஜ்தியின் முதல் காடை

எங்கள் கடலோர ஊரான எல் ஹவாரியாவில் வல்லூறை ஏவிக் காடை பிடிக்கப் பழக என்னிடம் வந்த பிள்ளைகளில் வஜ்தியைத்தான் நான் அதிகம் திட்டியிருக்கிறேன். மூன்று வசந்தம் என் பின்னால் நடந்தும் அவனால் ஒரு காடை பிடிக்க முடியவில்லை. அவன் தகப்பன் திஜானி என் வேட்டைத் தோழன். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடந்தான். மகன் வேட்டைக்காரன் ஆகும்வரை அவனைத் தனியே விடாதே என்று என்னிடம் சொல்லியிருந்தான். கண்ணை மூடுவதற்குள் மகன் பிடித்த காடையில் ஒரு வாய் தின்ன வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

அன்று பருவத்தின் கடைசி நாள். பொழுது சாய்வதற்குள் வல்லூறுகளை வானத்துக்கே விட்டுவிட வேண்டும். அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு.

பார்லி வயலில் நாய் மோப்பம் பிடித்து நின்றது. காடை எழும்பியது. உள்ளங்கையில் பிடித்திருந்த வல்லூறை வஜ்தி ஈட்டி மாதிரி வீசினான். அது காடையை வரப்போரத்திலேயே அமுக்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அவன் அறுக்கக் கத்தியை எடுத்துவிட்டான். ஆனால் காடையின் கழுத்து துவண்டு, உயிர் போயிருந்தது. அதனால் மோசமில்லை, அல்லாவின் பெயரால் என்று பிஸ்மில்லா சொல்லி ஏவிய பறவை கொன்றதைத் தின்னலாம்.

அவன் குனிந்தவன் நிமிரவே இல்லை.

"சித்தப்பா, நான் பிஸ்மில்லா சொல்லல."

"மறந்துட்டியா?"

மறதிக்கு மன்னிப்பு உண்டு, வேண்டுமென்றே விட்டால்தான் தின்னக் கூடாது என்பது மார்க்கம் படித்த எங்கள் ஆலிம்கள் சொல்வது. அதற்காகத்தான் அப்படிக் கேட்டேன். ஆமாம்னு சொல்லித் தொலையேண்டா கழுதை என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"மறக்கல. ஞாபகம் இருந்துச்சு. சொல்லிட்டிருந்தா காடை தப்பிச்சிடும்னு விட்டுட்டேன்."

அறைந்திருப்பேன். ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதைவிட, இதை என்னிடம் ஏன் சொன்னான் என்றுதான் ஆத்திரம். உன் அப்பனுக்கு இன்னொரு வசந்தம் கிடையாது, நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் காடையைப் பிய்த்து வல்லூறுக்கே ஊட்டினான். வயிறு நிறைந்த வல்லூறு வேட்டைக்கு ஆகாது. பிறகு அதை மலைமேட்டுக்குக் கொண்டுபோய்ப் பறக்க விட்டான். அது கடல் பக்கமாகப் போய்விட்டது.

வீட்டில் திஜானி தலையணையில் சாய்ந்தபடி காத்திருந்தான். அவன் மனைவி அடுப்பில் சட்டியை ஏற்றி வைத்திருந்தாள். வஜ்தி கட்டிலோரம் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னான். பாதியில் அழுதுவிட்டான். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

திஜானிக்கு மூச்சு சீராக நேரமாயிற்று. மனைவியிடம் ரொட்டி கேட்டு வாங்கினான். ஒரு துண்டை ஆலிவ் எண்ணெயில் தொட்டு, பிஸ்மில்லா சொல்லி, மெதுவாக மென்று விழுங்கினான். பிறகு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"லம்ஜெத், அடுத்த வசந்தத்துக்கு இவன் தனியாவே போகலாம். கூட நீ வேணாம்."